பத்திர விலையை அப்படியே நம்பாதீர்கள்
இயந்திரக் கற்றலையும் பொருளாதார அளவியலையும் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராய்வது) சேர்த்தால் வீட்டு விலையை நன்றாகக் கணிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. சேர்ப்பது சரிதான், ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் இயந்திரக் கற்றல் முறை) பயிற்சியில் பார்த்த உச்ச விலையைத் தாண்டிச் சொல்லாது, அதனால் வட்டி, வருமானத்தை வைத்து நீண்டகாலப் போக்கை ரிக்ரஷனில் (காரணிகளுக்கும் விலைக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக்கும் முறை) பிடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ரேண்டம் ஃபாரஸ்டிடம் விடலாம். ஆனால் தரவு? எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனை கைமாறும் விலை வேறு, பத்திரத்தில் ஏறும் விலை வேறு, பெரும்பாலும் பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுவார்கள். அந்த மதிப்பை அரசு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றியது. இது தெரியாத மாடல் சந்தையே விழுந்து எழுந்ததாகக் கற்றுக்கொள்ளும். அந்த இரண்டு மாற்றங்களுக்கும் டம்மி வேரியபிள் (மாற்றத்துக்கு முன் 0, பின் 1 என்று குறிக்கும் மாறி) வையுங்கள். அப்புறம், தரவைக் கலைத்துப் போடாமல் பழைய ஆண்டுகளில் பயிற்சி, பிந்தைய ஆண்டுகளில் சோதனை என்று செய்து பிழை அளவையும் போடுங்கள்.