வருகலாமோ என்று கேட்பவன் யார்?

'நந்தனார் சரித்திரம்' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியாரைக் கச்சேரியின் கடைசி அரைமணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டோமே என்பது எனக்குப் பல நாள் வருத்தம். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மாஞ்சி ராகத்தில் அவருடைய 'வருகலாமோ' வரும், அரங்கம் உருகும், மங்களம் பாடி எல்லாரும் எழுந்துவிடுவோம். அந்தப் பாட்டில் உள்ளே வரலாமா என்று கேட்பவன் யார், அவனை வெளியே நிறுத்தியது யார் என்று யாரும் சொல்வதில்லை. பல கச்சேரிகளில் சரணம்கூட முழுதாக வருவதில்லை. 'பூமியில் புலையனாய்ப் பிறந்தேனே' என்ற வரியில்தானே பாட்டின் உயிரே இருக்கிறது?

நாகப்பட்டினம் பக்கத்தில் நரிமணத்தில் பிறந்து, பிறகு மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் பாரதியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டோடு கதை சொல்லும் கதாகாலட்சேபம்தான் தொழில். நந்தனார் சரித்திரத்தை அதற்காகத்தான் எழுதினார். 'வருகலாமோ' என்று கேட்பவன் அதில் வரும் நந்தன்தான். கீர்த்தனையோடு கண்ணி, நொண்டிச்சிந்து என்று ஊர் ஜனம் கேட்டுப் பழகிய மெட்டுகளையும் சேர்த்துக்கொண்டார்.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்ற இந்த நந்தனாரின் கதை சுருக்கமானது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். சிதம்பரம் போக ஆசை, ஆனால் குலத்தை நினைத்துத் தயக்கம். அங்கே பண்ணையாரே கிடையாது. நந்தனைத் தடுக்கும் பண்ணையாரான வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதியார். 40 வேலி நிலத்தைப் பயிரிட்டு அறுவடை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் வேதியர். 40 வேலி என்றால் 250 ஏக்கருக்கு மேல்! தஞ்சை மிராசுகளைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இந்த நிபந்தனை தோன்றும். காலட்சேபம் கேட்க முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் நிலச்சுவான்தார்களோ! பாரதியாரே பிராமணர். அந்தச் சபையில் பிராமண மிராசுதாரைக் கொடுமைக்காரராக நிறுத்திப் பாட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

திருப்புங்கூர்க் கட்டம் எனக்கு அதைவிடப் பெரிது. கோயிலுக்குள் போக முடியாத நந்தன் தெருவில் நிற்கிறான். நந்தி மறைக்கிறது. 'வழிமறைத்திருக்குதே, மலைபோலே ஒரு மாடு படுத்திருக்குதே' என்று நாட்டக்குறிஞ்சியில் புலம்புகிறான். நாளெல்லாம் மாட்டோடு உழைக்கிறவன் கண்ணுக்கு நந்தியும் மாடாகத்தானே தெரியும்? தேரடியில் நின்று பார்த்தாலே போதும், கோயிலுக்குள் வரமாட்டேன், ஓரடி விலகினால் போதும் என்கிறான். எவ்வளவு குறைத்துக் கேட்கிறான் பாருங்கள்! உடனே சிவன் நந்தியைப் பார்த்து, பூர்விகல்யாணியில், 'சற்றே விலகி இரும் பிள்ளாய்' என்கிறார். அங்கே நந்தி இன்றைக்கும் விலகித்தான் இருக்கிறது. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடினால்தான் கேள்விக்குப் பதில் வந்த நிறைவு கிடைக்கும். தனித்தனியாகப் பாடும்போது பாதிக் கதை போய்விடுகிறது.

அவர் காலத்துப் பெரியவர்களும் இந்த நூலைச் சுலபமாக ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதியார் பலமுறை போயிருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரிய புராணத்திலிருந்து விலகுகிறது என்று பிள்ளைக்குத் தயக்கம். ஒருநாள் காத்திருந்த நேரத்தில் பாரதியார் 'கனவோ நினைவோ' என்று பாட, அதைக் கேட்டு உருகித்தான் பிள்ளை பாயிரம் கொடுத்தார். பிள்ளையின் மாணவர் உ.வே.சா. இதைப் பதிவு செய்திருக்கிறார். அவரே மாயவரத்தில் பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதம் கற்றவர். இசையில் நாட்டம் போனால் இலக்கணம் கெடும் என்று மகாவித்துவான் நினைத்ததால் அதை நிறுத்திவிட்டார். இரண்டு பெரியவர்களுக்கும் இடையில் அந்த இளைஞன் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது.

நந்தன் ஏன் கெஞ்ச வேண்டும், சிதம்பரம் கோயிலுக்குள் போக ஏன் தீயில் இறங்க வேண்டும், பிறப்பு என்ன அழுக்கா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தீப்புகுதல் சேக்கிழார் காலத்திலிருந்தே வருவது, பாரதியார் அந்த முடிவைத் தாண்டவில்லை. அது எனக்கும் வலிக்கிறது. அதற்காக வலிக்கிற வரியை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் ரசித்தால் சரியாகிவிடுமா? அந்த வரி வந்தால்தானே நியாயம் பற்றிய பேச்சே தொடங்கும்? ஆபோகியில் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' பாடும்போதும் அவர் இதை விடவில்லை. 'அரிய புலையர் மூவர் பாதம் அடைந்தார்' என்று சரணத்தில் வைத்திருக்கிறார். தியாகராஜரைப் பார்த்துவிட்டு இந்தப் பாட்டைப் பாடினார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும், இந்த வரி எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் பாடகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மார்கழியில் ஒரு கச்சேரியிலாவது வழிமறைத்திருக்குதே, சற்றே விலகி இரும், வருகலாமோ மூன்றையும் கதை வரிசையில், எல்லாச் சரணத்தோடும் பாடுங்கள். ஆரம்பிக்கும் முன் நந்தன் எங்கே நிற்கிறான் என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கடைசி அரைமணி நேரம் பத்தாது, கச்சேரியின் நடுவிலேயே பாடுங்கள்.