கச்சான் காற்றிலா தூண்டில் போடுவது?

மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலை மையம், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனியிலும் ஆடியிலும் அலுக்காமல் விடுக்கும் எச்சரிக்கை, என் நண்பர்களின் காதில் மட்டும் அழைப்பிதழாகவே விழுகிறது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த வல்லக்காரர்களே, அதாவது நாட்டுப்படகு மீனவர்களே, தயங்கும் கடலில், அலுவலக நாற்காலியைத் தவிர வேறெதிலும் ஆடியிராத இவர்களுக்கு அப்படி என்ன அவசரம்? போன ஞாயிறும் அதே கூத்துதான். கடல் தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று முந்தின இரவு அளந்தவன், வல்லம் முதல் அலையில் மூக்கைத் தூக்கியதுமே ஆறு இட்லியையும் மீன்களுக்குப் படைத்துவிட்டான். நான்கு பேரின் தூண்டில் நரம்பும் ஒரே சிக்காகப் பின்னிக்கொள்ள, நறுக்கிய கணவாய் இரை மடியில் வழிய, உப்புநீரில் எரியும் கண்களோடு அதைப் பிரிக்க உட்கார்ந்தவன் நான். பாறை மீனும் சீலா மீனும் அள்ளலாம் என்றார்களே, கிடைத்தது என்ன? உள்ளங்கை நீளத்தில் ஒரு கிளாத்தி மீன்! அதைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்த கையோடு, அடுத்த ஞாயிற்றுக்கும் என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.