எந்தக் கத்தலா இருந்தா என்ன?

நேற்று ராத்திரி பதினொன்றரை இருக்கும். வீடு அடங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெகாடெத் என்கிற ஹெவி மெட்டல் குழுவின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ போட்டேன். 1990இல் வந்த ஆல்பம். கல்லூரி நாட்களில் நண்பன் டேப் அடித்துக் கொடுத்த கேசட்டில் நாடா தேயத் தேயக் கேட்டது. குழுவின் பாடகர் டேவ் மஸ்டைன் எந்த இடத்தில் மூச்சு இழுப்பார் என்பது வரைக்கும் மனப்பாடம். மூன்றாவது பாட்டில் குரல் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். ஆள் அவரேதான், ஆனால் நான் கேட்டு வளர்ந்த குரல் இல்லை. உச்சரிப்பு வேறு, எரிச்சல் வேறு, மூச்சு விடும் இடம் வேறு.

கைப்பேசித் திரையைப் பார்த்தால் பாட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘2004 ரீமிக்ஸ்’. மஸ்டைன் தன் பழைய ஆல்பங்களைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்ட சமயம் அது. சில பாடல்களுக்குப் பழைய குரல் பதிவு கிடைக்கவில்லை என்று பதினான்கு வருடம் கழித்து மறுபடி பாடி ஒட்டியிருக்கிறார்கள். சரி, அவர் ஆல்பம், அவர் இஷ்டம். ஆனால் அசல் எங்கே? தேடு தேடென்று தேடினேன். மாதாமாதம் காசு பிடுங்கும் அந்தச் செயலியில் எனக்கு அகப்பட்டதெல்லாம் ஒட்டுப்போட்டதுதான்.

காலையில் காபி குடிக்கும்போது மச்சினனிடம் புலம்பினேன். அவன் தோசையிலிருந்து தலையைத் தூக்காமல், “எல்லாம் கத்தல்தானே அத்தான், எந்தக் கத்தலா இருந்தா என்ன?” என்றான்.

அவனை மன்னித்துவிடலாம், அவனுக்கு மெட்டல் தெரியாது. என் வயிற்றெரிச்சலெல்லாம், இதைப் பதிவு செய்து விற்கிறவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள் என்பதுதான். மெட்டல் என்றால் சத்தம், சத்தம்தானே கேட்கிறாய், இந்தா இன்னும் கொஞ்சம் என்று அள்ளிக் கொட்டுகிறார்கள்.

வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள். ஒரே பாட்டின் பழைய சிடி பிரதியையும் ஒலி அளவை மறுபடி திருத்தி வெளியிட்ட புதிய ‘ரீமாஸ்டர்’ பிரதியையும் கணினியில் திறந்து அலைவடிவத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். பழையது மலைத்தொடர் மாதிரி இருக்கும். ஸ்னேர் ட்ரம்மில் அடி விழும் இடமெல்லாம் ஊசிமுனையாகத் தெரியும், நடுவில் பள்ளம், சமவெளி எல்லாம் உண்டு. புதியதைப் பார்த்தால் சலவை சோப்புக் கட்டி. மேலேயும் கீழேயும் கத்தி வைத்துச் சீவிய மாதிரி நேர்கோடு. சிடியில் மெல்லியதற்கும் பலமானதற்கும் இடையே கிட்டத்தட்ட 96 டெசிபல் இடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய வீட்டில் எல்லோரும் மொட்டைமாடியில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மெல்லியதை மேலே தூக்கி, உயர்ந்ததை வெட்டிவிட்டால் முதல் அரை நிமிடம் ஆகா என்றுதான் இருக்கும். மூன்றாவது பாட்டில் காது வலிக்கும். ஆறாவது பாட்டில் ஏனென்று தெரியாமலே நிறுத்திவிடுவீர்கள்.

மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008இல் வந்தபோது இது ஊர் சிரித்த கதை. கிடார் ஹீரோ என்கிற வீடியோ கேமுக்குக் கொடுத்த பதிப்பு, காசு கொடுத்து வாங்கிய சிடியை விடத் தெளிவாக இருந்தது! ஒரிஜினல் வேண்டும் என்பவன் பொம்மைக் கிடார் விளையாட்டிலிருந்து உருவிக் கேட்க வேண்டிய நிலைமை. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். கடைசிக் கட்ட ஒலித் திருத்தமான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று கையை விரித்துவிட்டார்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள், ‘ப்ளிஸார்ட் ஆஃப் ஆஸ்’, ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’. பேஸ் கிடார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, ட்ரம்ஸ் லீ கெர்ஸ்லேக். இருவரும் ராயல்டி கேட்டு வழக்குக்குப் போனார்கள். 2002 மறுபதிப்பில் அவர்கள் வாசிப்பையே துடைத்துவிட்டு வேறு இருவரை வைத்து வாசித்துச் சேர்த்தார்கள். சேர்ந்தவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை, ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும். அதனால் என்ன? அதே ஆல்பங்களில் வாசித்து, 1982இல் விமான விபத்தில் போய்ச்சேர்ந்த ராண்டி ரோட்ஸின் கிடார், தான் ஒருநாளும் சேர்ந்து வாசிக்காத ஆட்களோடு ஒலிக்கிறது. 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. நடுவில் ஒன்பது வருடம் புதிதாகக் கடையில் வாங்கியவன் கேட்டது எது?

குரலுக்கு நடக்கும் அநியாயம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அயர்ன் மெய்டன் குழுவின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பம், 1982. அந்தத் தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் ரகசியம் சொல்வது மாதிரி அடங்கிய குரலில் ஆரம்பிப்பார். அந்த முதல் சில வரிகளைத் தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார் என்பது மெய்டன் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எதற்காக அவ்வளவு பாடு? அந்த அடக்கம் சரியாக அமைந்தால்தான் அடுத்து வரும் அலறல் முதுகுத்தண்டில் ஏறும். நசுக்கிய பிரதியில் ரகசியமும் அலறலும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. மார்ட்டின் பர்ச் உயிரை வாங்கிச் சேர்த்த வித்தியாசத்தை எவனோ ஒரு குமிழைத் திருகி அழித்துவிட்டான். (2015இல் பழைய நாடாக்களிலிருந்து எடுத்த மெய்டன் பதிப்புகள் பரவாயில்லை. இல்லாத பழியைப் போடக்கூடாது.)

“க்ரௌல் என்று உறுமிப் பாடுகிறவனுக்கு என்ன ஏற்ற இறக்கம்?” என்று கேட்பவர்கள் மேஹெம் குழுவின் 1994 ஆல்பத்தைக் கேளுங்கள். ஹங்கேரிக்காரர் அட்டிலா சிஹார் முனகுகிறார், ஓதுகிறார், தொண்டையைக் கிழிக்கிறார், சில இடத்தில் சாவு வீட்டில் பிலாக்கணம் வைக்கிறவர் மாதிரிகூட இருக்கிறது. பதிவானது நார்வேயின் பெர்கன் நகரில், க்ரீக்ஹாலன் என்கிற கச்சேரி மண்டபத்தில். அந்தக் கூடத்தின் வெறுமையும் அதில் ஒரு வாத்தியம்தான். அதைப் பிடித்து நசுக்கினால் கூடமே காணாமல் போய்விடும்.

உடனே யாராவது வருவார்கள், உனக்குச் சுத்தமான சவுண்ட் வேண்டுமென்றால் ஜாஸ் கேளேன் என்று. ஐயா, நான் சுத்தத்தைக் கேட்கவே இல்லை. டார்க்த்ரோன் குழுவின் ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கே தடங்கள் பதிகிற கருவியில் வீட்டில் பதிவு செய்தது. தகர டப்பாவுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். அதில் கை வைத்தால் நான் சண்டைக்கு வருவேன். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ட் குழு ஆட்கள் பாஸ் எச்எம்-2 என்கிற கிடார் பெடலின் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகி உண்டாக்கிய அந்த ரம்பச் சத்தம், ஆகா, அது தங்கம். மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அவருக்கு முன் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் விபத்தில் செத்து இரண்டு வருடத்துக்குள் வந்த ஆல்பம், அந்த ஓட்டையோடுதான் எனக்கு அது பழக்கம். 2018 மறுபதிப்பில் பேஸைத் தூக்கிவிடாமல் விட்டதற்கு அவர்களுக்கு ஒரு கும்பிடு. கெட்ட ஒலி வேறு, கெடுத்த ஒலி வேறு.

மெட்டலிலேயே ஒரு வகையான டெத் மெட்டலில் புதிதாக வருவது பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஆள் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ட்ரம்மை எடுத்துவிட்டு, முன்பே பதிந்து வைத்த ஒரே மாதிரிச் சாம்பிளை வரிசையாக ஒட்டுகிறார்கள். வாசிப்பவர் காலில் களைப்பும் இல்லை, கோபமும் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிற சத்தம் வருகிறது.

விடுங்கள். பழைய சிடி விற்கிற ஒருவரிடம் தேடிப் பிடித்து, 1990 பதிப்பு ‘ரஸ்ட் இன் பீஸ்’ வாங்கிவிட்டேன். செயலிக்கு நான்கு மாதம் கட்டுகிற காசு. பெட்டி உடைந்திருந்தது, உள்ளே தட்டு நன்றாக இருந்தது. வீட்டில் அதைப் போட ஒரு கருவி இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசியில் மச்சினனின் பழைய லேப்டாப்தான் கைகொடுத்தது. மூன்றாவது பாட்டு வந்தது. அதே குரல், அதே எரிச்சல், அதே மூச்சு. கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டி, முதலில் இதையும் பிறகு செயலியில் இருப்பதையும் கேட்க வைத்தேன்.

இரண்டையும் பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு லேப்டாப்பைத் திருப்பி ஒலிப்பொத்தானைப் பார்த்துக்கொண்டே, “அத்தான், சிடியில சத்தம் கம்மியா வருதே, ரிப்பேரா?” என்றான்.