வேலிப் பொட்டு

"போருக்குப் பிறகு சனம் கெட்டுப்போச்சு." ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். சின்னம்மா வீட்டுக் கதையைக் கேட்கும்வரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

1995 ஒக்டோபர் 30. போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி எங்கள் தென்மராட்சிக்கு வந்த இரவு. எங்கள் வளவில் ஐந்து குடும்பங்கள் தங்கின, நான்கை அம்மாவுக்கு முன்பின் தெரியாது. பொருளாதாரத் தடைக் காலம் வேறு. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். அரிசி ஒரு சுண்டு குறைந்தால் கிடுகு வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டால் (இடைவெளியால்) பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கி வருவோம். கணக்கு யாரும் எழுதி வைத்ததில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சாதி பார்த்துக் கிணற்றில் அள்ள விடாதவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் அடுத்த வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று தெரிந்தால் தூக்கம் வராது.

2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சின்னம்மா வன்னிக்குத் திரும்பினார். கையில் கிடைத்தது கொஞ்சத் தகரமும் 25,000 ரூபாயும். தொழில் எதுவும் வந்து சேரவில்லை. அதற்கு முன்னரே ஏ9 வீதியால் கடன் கம்பனிகள் வந்துவிட்டன. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர்கள் பிணைக் கையெழுத்து, கிழமைக்குக் கிழமை காசு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும்.

ஒரு கிழமை பக்கத்து வீட்டு அக்காவால் கட்ட முடியவில்லை. காசு வரும்வரை அசையக் கூடாது என்று சொல்லி, மற்ற நான்கு பேரையும் அவருடைய விறாந்தையில் பின்னேரம்வரை இருத்தி வைத்திருக்கிறார் கடன் காசு அறவிட வந்த கம்பனிக்காரர். சின்னம்மாவும் அந்த நால்வரில் ஒருவர். பிள்ளைகள் பசியில் அழ அழ, "உன்னாலதான் எங்களுக்கு இந்த அவமானம்" என்று சின்னம்மாவே அந்த அக்காவைப் பேசிவிட்டார். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் ஒரே பங்கருக்குள் ஒரே கஞ்சியைப் பங்கிட்டுக் குடித்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்.

அடுத்த நாள் சின்னம்மா வீட்டு வேலிப் பொட்டில் தகரம் ஏறியது.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குள் கடனை அடைக்கக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? சின்னம்மா வீட்டில் இன்றைக்கும் வேறொரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்களில் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் முந்தியே இருந்தன. போர் முடிந்த கையோடு அவற்றைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் விட்டவர்களை ஒரு கேள்வி கேட்காமல், சனத்துக்குப் பாசம் இல்லை, பண்பு இல்லை என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த முறை போனபோது சின்னம்மாவிடம் கேட்டேன், அந்தத் தகரத்தைக் கழற்றினால் என்ன என்று. கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டலாம் மோனை. ஆனா அவளின்ர முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக் கிடக்கு."