தம்பிகளே, கடைமடைக்காரரையும் கேமில் சேருங்கள்

கோவையில் இரண்டு தம்பிகள் சேர்ந்து ஊர் கட்டும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் வெளிவரவில்லை, பெயரும் முடிவாகவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் டெமோவை அனுப்பி, "வெளையாடிப் பாத்துட்டு மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க்கா" என்று கேட்டிருந்தார்கள். பாதியைப் போனிலேயே சொல்லிவிட்டேன். மீதி, போனில் சொல்லித் தீராது. நம் பக்கம் இந்த மாதிரி கேம் செய்ய நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று, அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கேமைப் பற்றிக் கொஞ்சம். மேற்கே மலை. அங்கிருந்து ஓர் ஆறு இறங்கி, கட்டம் கட்டமாகப் பிரித்த சமவெளியில் ஓடி, கிழக்கு ஓரத்தில் மறைகிறது. நடுவில் நாம் ஊர் கட்ட வேண்டும். வீடு, குளம், வாய்க்கால், தென்னந்தோப்பு, விசைத்தறிக் கூடம், பனியன் கம்பெனி, சாயப்பட்டறை என்று ஒவ்வொன்றாக வைக்க வைக்க ஆட்கள் குடிவருவார்கள். மண்ணும் மரமும் தண்ணீரும் கெடாமல் ஊர் வளர்ந்தால் பசுமை மதிப்பெண் ஏறும். மதிப்பெண் நூறைத் தொட்டால் அடுத்த மேப்.

ஆற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் நொய்யல்தான் என்று பார்த்த கணமே தெரிந்துவிடும். ஆனி, ஆடியில் ஊருக்கு மேலே ஒரு மேகம்கூட இருக்காது, ஆற்றில் மட்டும் தண்ணீர் வரும். தென்மேற்குப் பருவமழை மலையிலேயே கொட்டிவிட்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறதே, அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். சமவெளியில் மழை பெய்ய ஐப்பசி வரவேண்டும். வெளிநாட்டில் செய்த எந்த கேமிலும் இந்த இரட்டைக் கணக்கை நான் பார்த்ததில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது குளங்கள். மேல் குளம் நிறைந்து கலிங்கில் வழிந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். பேரூரில் தொடங்கி உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என்று நம் முன்னோர் ஆற்றோரமாகக் குளங்களைக் கோத்து வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாடு கேமுக்குள் உயிரோடு இருக்கிறது. இவ்வளவு செய்தவர்களிடம்தான் இன்னும் கேட்கத் தோன்றுகிறது.

டெமோ விளையாடிய மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தம்பிகள் எனக்கும் காட்டினார்கள். எழுத்து சின்னது, போனில் விரல் பட்டால் பக்கத்துக் கட்டத்தில் வாய்க்கால் விழுகிறது, வைத்ததை எடுக்க வழியில்லை. எல்லாம் நியாயம், உடனே சரிசெய்யுங்கள். கட்டடங்கள் போதவில்லை என்பதில் எனக்கு உடன்பாடில்லை, இருப்பதே நிறைய. பலரும் சொல்லியிருக்கும் பெரிய குறை, குளம் நிறைய நேரமாகிறது, வேகமாக ஓட்ட ஒரு பட்டன் வேண்டும் என்பது. அதைக் கொடுக்காதீர்கள் தம்பி. தண்ணீருக்குக் காத்திருப்பதுதான் இந்த ஊரின் வாழ்க்கை. அன்னூர், அவிநாசிப் பக்கம் அத்திக்கடவுத் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பேசியே தலைமுறைகள் கடந்தன. 1,045 குளம் குட்டைகளுக்கான அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 17இல்தான். அதுவும் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து தண்ணீரை மோட்டார் வைத்து மேடேற்றித்தான் கொண்டுபோகிறார்கள். உங்கள் கேமில் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு யூனிட் கரண்ட்கூடச் செலவாவதில்லை. அதைக் கவனியுங்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அந்தக் கிழக்கு ஓரம்.

ஆறு அங்கே போய் மறைந்ததும் அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. சாயப்பட்டறைகளை வரிசையாகக் கிழக்கு ஓரத்துக் கட்டங்களில் வைத்துப் பாருங்கள். கழிவு ஒரே கட்டம் ஓடி மேப்பை விட்டு வெளியே போய்விடும். ஊர் பளிச்சென்று இருக்கும், மதிப்பெண் நூறு. இந்த உத்தியைக் கண்டுபிடித்த ஓர் இளைஞர், கேம் ரொம்ப சுலபமாக இருக்கிறது என்று தன் கருத்தில் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் எந்தத் தப்பும் இல்லை. கேம் அவருக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் செய்தார்.

இது தம்பிகளோடு வந்த குறையும் இல்லை. இந்த வகைக் கேம்களை உலகெங்கும் பரப்பிய சிம்சிட்டி, வில் ரைட் வடிவமைத்து 1989இல் வந்தது. ஆலையையும் மின் நிலையத்தையும் மேப் ஓரத்தில் வைத்தால் புகையில் ஒரு பங்கு வெளியே போய்விடும் என்பது அதை ஆடியவர்களிடம் பரவியிருந்த உத்தி. ஃபின்லாந்துக்காரர்கள் செய்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில், கழிவுநீர்க் குழாயைக் குடிநீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே வைத்தால் போதும், நம் ஊருக்கு நோய் வராது. ஆறு பழுப்பாக ஓடி மேப்பைத் தாண்டிவிடும். போலந்திலிருந்து வந்த டிம்பர்பார்னில் பீவர்கள் (மரத்தைக் கடித்து வெட்டி ஆற்றில் அணை கட்டும் விலங்குகள்) அணை கட்டுகின்றன. நச்சுத் தண்ணீர் வரும் காலத்தில் மதகை மாற்றி அதை மேப்புக்கு வெளியே திருப்பிவிடுவதையே திறமையான ஆட்டம் என்கிறார்கள். டெர்ரா நில் தென்னாப்பிரிக்காவில் செய்தது, பாழான நிலத்தைப் பச்சையாக்குவதே அதில் ஆட்டம். எனக்கு மிகவும் பிடித்த கேம். அதிலும் நச்சு மண்ணைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை வைத்தால் நச்சு மறைந்துவிடும். எங்கே போனது என்று கேம் சொல்வதில்லை.

எனக்கு அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் வேலை பார்ப்பது திருப்பூரில், சாயக்கழிவு சுத்திகரிக்கும் இடத்து லேபில். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, அந்த டி.டி.எஸ். எண்ணைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊர் சென்னிமலைப் பக்கம். திருப்பூருக்குக் கிழக்கே ஆறு போகும் வழி அது. உங்கள் மேப்பில் ஆறு மறையும் இடத்தில்தான் எங்கள் அம்மாவின் ஊர் இருக்கிறது.

ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றித் தம்பிகள் வயதுப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பாசனம் பெருகும் என்றுதான் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அதற்குள் தேங்கி நின்றது சாயத் தண்ணீர். எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அந்தத் தண்ணீருக்கு எதிராக வழக்காட வேண்டிவந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் உப்பாயின. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா), குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் நீட்டுவார். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடியபோது வேலையிழந்து நின்ற குடும்பங்களையும் நான் அறிவேன். அவர்களில் என் உறவுகளும் உண்டு. ஆகவே சாயப்பட்டறையை வில்லனாக்கி, தடை செய் என்று ஒரு பட்டன் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள்.

உங்கள் கேமில் சுத்திகரிப்பு நிலையத்தை வைத்ததும் ஊதாத் தண்ணீர் நீலமாகிறது. நிறம் போனால் சுத்தம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நிறம் இதில் சின்ன விஷயம் தம்பி. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட்டாக வேண்டும், சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ. சாயம் நூலில் ஏறும், உப்பு ஏறாது. போட்ட உப்பு முழுதும் கழிவுத் தண்ணீரில் வந்து நிற்கும். சுண்ணாம்பு போட்டாலும் காற்று ஊதினாலும் கரைந்த உப்பு அசையாது. கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே டி.டி.எஸ். பல ஆயிரம் காட்டும். ஆற்றில் விட அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். உப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தள்ள வேண்டும். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் உப்பு இன்னும் அடர்த்தியாகி நிற்கும். அதை நீராவி கொடுத்துக் காய்ச்ச வேண்டும். எரிபொருளும் கரண்டும் குடிக்கிற வேலை அது. அப்புறமும் கடைசியில், திரும்பச் சாயத்துக்குப் போடத் தகுதியில்லாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். மழை படாமல் கூரைக்கடியில் அதை வைத்துக் காக்க வேண்டும். ஒரு மழையில் நனைந்தால் மறுபடி மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும்.

இதைச் சலிப்பூட்டும் பாடமாக நினைக்காதீர்கள். இதற்குள் எவ்வளவு நல்ல ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையம் கரண்டைத் தின்னட்டும். கரண்ட் போதாத மாதத்தில் எதை நிறுத்துவது, தறியையா, நிலையத்தையா, மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையா? உப்பு மூட்டைக்கு இரண்டு கட்டம் இடம் வேண்டும், ஊரோ நெருக்கிக்கொண்டு வருகிறது, எங்கே வைப்பது? ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டும். தண்ணீரின் நிறத்தோடு உப்புக்கும் ஓர் எண் காட்டுங்கள். இப்போதைய டெமோவில் இரண்டாம் மேப்புக்குப் பிறகு எனக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை. இவை வந்தால் ஒவ்வொரு பருவமும் யோசிக்க வைக்கும்.

கிழக்கு ஓரத்துக்கு என் யோசனை இது. முதல் மேப்பை முடித்து ஆட்டக்காரர் அடுத்த மேப்புக்குப் போகும்போது, அது முதல் மேப்பின் கீழ்ப்புறமாக இருக்கட்டும். தான் வெளியே விட்ட தண்ணீரே, அதே உப்போடு, மேற்கு ஓரத்தில் உள்ளே வரட்டும். அங்கே ஓர் அணையும் வாய்க்காலும் கிணறுகளும் ஏற்கெனவே இருக்கட்டும், ஆட்களும் இருக்கட்டும். மேலே நூறு வாங்கியவர் கீழே என்ன வாங்குகிறார் என்று பார்ப்போம். திரும்ப மேல் மேப்புக்குப் போய்த் திருத்தவும் வழி கொடுங்கள். அப்படிப் போய்வரும் ஆட்டத்தில்தான் ஊர்கள் ஒன்றோடொன்று பேசும்.

"அக்கா, வெளையாட வர்றவங்களுக்குக் குற்ற உணர்ச்சி குடுத்தா ஓடிருவாங்க" என்று மூத்த தம்பி போனில் தயங்கினார். ஓட மாட்டார்கள். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் கழிவுக் குழாயைத் தப்பான இடத்தில் வைத்துத் தன் ஊரையே நோயில் படுக்கவைத்தவர்கள் யாரும் கேமைத் தூக்கிப் போடவில்லை, குழாயை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள். செய்ததற்குப் பலன் உண்டென்றால் ஆட்டத்தில் பிடிப்பு கூடும். திரையில் அறிவுரை வாசகம் எழுதினால்தான் ஓடுவார்கள். ஒரு வாசகமும் வேண்டாம், தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள்.

இதே கணக்குப் பிழைதான் வாய்க்காலிலும் இருக்கிறது. மண் வாய்க்காலில் கசிந்து போகும் தண்ணீரை 'இழப்பு' என்று சிவப்பில் காட்டுகிறீர்கள். கான்கிரீட் போட்டால் இழப்பு பூஜ்யம், மதிப்பெண் ஏறும். கீழ்பவானிக் கரையில் இதைச் சொல்லிப் பாருங்கள்! பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் போகும் அந்த வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று அங்கே விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து வருடக்கணக்கில் போராடுகிறார்கள். கசிவு நீர்தான் எங்கள் கிணற்றுக்கு ஊற்று என்று ஒரு பக்கம் சொல்கிறது. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவே மாட்டேன் என்கிறது என்று மறுபக்கம் சொல்கிறது. இரண்டு பக்கமும் உண்மை. கசிந்த தண்ணீர் கீழே கிணற்றுக் கட்டத்தில் ஏறட்டும், கடைமடை வயல் அதற்கேற்பக் காயட்டும். எவ்வளவு தூரத்துக்குக் கான்கிரீட், எங்கே மண் என்பதை ஆடுபவர் தீர்மானிக்கட்டும்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேப்பின் தெற்கே, காங்கேயம் பக்கத்தைப் போன்ற மேட்டாங்காட்டைப் 'பாழ் நிலம்' என்று பழுப்பு நிறத்தில் காட்டி, மரம் நட்டால்தான் மதிப்பெண் என்கிறீர்கள். எந்த மரமானாலும் ஒரே மதிப்பெண், சீமைக்கருவேலத்துக்கும் அதேதான். காங்கேயத்துக் கொறங்காட்டைப் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய காங்கேயம் மாடுகள். மழை குறைந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக மனிதரும் மாடும் புல்லும் சேர்ந்து காத்த நிலம் அது. வருடத்தில் பல மாதம் பழுப்பாகத்தான் இருக்கும், ஒரு மழைக்குப் புல் எழுந்துவிடும். அதைத் தோப்பாக்கினால் கேமில் மதிப்பெண் ஏறுகிறது. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வலித்தது. கொறங்காட்டை ஒரு கட்ட வகையாகச் சேருங்கள், மாடு மேய்ந்தால் மண் வளம் ஏறட்டும். வேலி போனால் புல் போகட்டும்.

சின்ன விஷயங்கள் சில: தறிச் சத்தம் அருமை, இரவில் கொஞ்சம் குறையுங்கள். மார்கழியில் மலைமேல் பனி போட்டவரின் கைக்கு என் அன்பு. ஆட்களின் பேச்சைச் சென்னைத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள், நம் பேச்சிலேயே எழுதுங்கள், புரியாமல் போகாது.

சின்ன கேம் என்பதால் இதெல்லாம் அதிகம் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகள் எப்போதாவது இதைச் செய்யலாம், ஆனால் கலிங்கும் கொறங்காடும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யவும் சொல்லவில்லை. முதலில் உப்புக்கு அந்த எண்ணைக் கொண்டுவாருங்கள். அளவுகள், கணக்கு, எந்த நிலையில் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் உட்கார்ந்து எழுதித் தர நான் தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திருப்பூர் வாருங்கள், பஸ் ஏறினால் சென்னிமலைப் பக்கம் போய் அணையையும் பார்த்துவிட்டு, எங்கள் மாமா தோட்டத்துக் கிணற்றில் மீட்டரை வைத்து நீங்களே எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளலாம். சாப்பாடு அங்கேயே. இங்கே இதைப் படிக்கும் கரூர், கொடுமுடிப் பக்கத்து நண்பர்கள் உங்கள் கிணற்று டி.டி.எஸ்.ஸை எப்போதாவது சோதித்திருந்தால், ஊர் பெயரும் அளவும் மட்டும் கமெண்டில் போடுங்கள். கீழ் மேப்புக்கு அந்த எண்களையே தொடக்கமாக வைக்கிறோம் என்று சின்னத் தம்பி சொல்லியிருக்கிறார்.