ஈயம் கூடாது, சரி. செம்பு எங்கே?

கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது என்பது சட்டம்; பதிலுக்குப் பெரும்பாலும் செம்புதான். மான் வேட்டை சீசன் நெருங்கினாலே கடைக் கவுன்டரில் இந்த அநியாயம் ஆரம்பித்துவிடுகிறது. .308 ரக ரைஃபிளுக்கு ஈயமில்லாத தோட்டா ஒரே ஒரு பெட்டி இருக்கும். அதுவும் துப்பாக்கிக்கு ஒத்துவராத எடையில். சரி, அதையாவது கொடுங்கள் என்று அடையாள அட்டையை நீட்டினால் கம்ப்யூட்டர் மறுக்கிறது. ஏனாம்? துப்பாக்கிப் பதிவில் பழைய முகவரி, அட்டையில் புது முகவரி. பெயர் அதே, பிறந்த தேதி அதே, எதிரில் நிற்கிற ஆளும் அதே. பதிவைத் திருத்திக்கொண்டு வா என்கிறார்கள். திருத்த மனுப் போட்டு, காத்திருந்து, திரும்பிப் போனால் அந்த ஒற்றைப் பெட்டியும் காலி. ஆன்லைனில் வாங்கலாமே என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உரிமம் பெற்ற கடைக்குத்தான் வரும். அங்கேயும் அதே சோதனை, போதாததற்குக் கடைக்காரருக்குக் கட்டணம்.

2019 ஜூலை 1. வேட்டையில் ஈயக் குண்டுக்கு முழுத்தடை வந்தது அன்றுதான். தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குகிறவருக்குத் தகுதி உண்டா என்று அரசுப் பதிவில் பார்ப்பது என்ற விதி வந்ததும் அதே நாள்தான். புதுத் தோட்டாவைத் தேடிப்பிடி என்று ஒரு சட்டம், தோட்டா வாங்குவதையே சிக்கலாக்க இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே நாளில் தலையில் இறக்கியவர்கள் ஒரு ரைஃபிளையாவது ஜீரோ செய்திருப்பார்களா, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்திருப்பார்களா?

ஈயத் தடை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈயக் குண்டு மானுக்குள் நுழைந்ததும் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறுகிறது. காட்டில் விட்டுவரும் குடல் குவியலைத் தின்று காண்டோர் கழுகுகள் சாகின்றன. 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தன. அதே துகள் அரைத்த மான்கறியோடு நம் பிள்ளைகள் தட்டுக்கும் வருகிறது. செம்பால் மான் சாகாது என்று இன்னும் கத்திக்கொண்டிருப்பவர்களைக் கண்டாலும் எரிச்சல்தான்.

ஆனால் செம்புக்கு மாறுவது பெட்டியை மாற்றுகிற வேலை இல்லை. ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடையில் குண்டு நீளமாகிவிடும். குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் முறுக்கு குறைந்த பழைய குழல்களில் அது நிலையாகப் பறக்காது. அதனால் 165 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஈயம் போட்டவர் 150 செம்புக்கு இறங்க வேண்டும். முதலில் அமோனியா கரைசல் போட்டு, குழலில் படிந்த பழைய செம்பைக் காட்டும் நீலக்கறை துணித்துண்டில் வராத வரை தேய்க்க வேண்டும். பழைய படிவின் மேலேயே சுட்டுவிட்டு ‘இந்தக் குண்டு ஒரே இடத்தில் விழுவதில்லை’ என்று பழிபோடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு 100 கெஜத்தில் மும்மூன்றாகச் சுட்டு, நடுவில் குழலை ஆறவிட்டு ஜீரோ செய்ய வேண்டும். 20 தோட்டாப் பெட்டியில் பாதி இதற்கே போய்விடும். அந்த ரகம் ஒத்துவராவிட்டால் அடுத்த ரகம், அடுத்த பெட்டி, மறுபடியும் கவுன்டர்! வேகம் நொடிக்குச் சுமார் 1,800 அடிக்குக் கீழே இறங்கினால் பல செம்புக் குண்டுகள் விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் ஓடும், ரத்தத்தடமும் சரியாகக் கிடைக்காது. அதனால்தான் தூரத்தைக் குறைத்துத் தோள் எலும்பில் குறிவை என்கிறோம். இதையெல்லாம் சுட்டுப் பழகித்தான் கற்க முடியும். பழகத் தோட்டா எங்கே?

அரிசோனா 2005இலிருந்து காண்டோர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகவே கொடுத்தது. தடையே போடாமல் பெரும்பான்மையோர் மாறினார்கள். இங்கே சட்டைப் பையில் ஒரு பழைய ஈயத் தோட்டா மறந்து கிடந்து, அதைச் சுடக்கூடிய துப்பாக்கியோடு வேட்டையில் பிடிபட்டால், அதுவே குற்றம். முதல் தடவைக்கு 500 டாலர்.

மானுக்காவது ரகம் ரகமாகத் தேட வழி உண்டு. தோட்டத்தைக் குடைகிற தரையணிலுக்கும் இதே தடைதான். 40 கிரெய்ன் ஈயத்துக்குப் பழகிய சிறிய .22 ரைஃபிளில் 21 கிரெய்ன் செம்பைப் போட்டால் பல துப்பாக்கிகளில் ஒரு குண்டு மாதிரி அடுத்தது விழுவதில்லை. ஒரு அணிலைச் சுத்தமாகச் சுட நான்கு ரகம் வாங்கிப் பார்க்க வேண்டுமென்றால், அந்த நான்குக்கும் யார் போய் கவுன்டரில் நிற்பது?