கண்டோன் என்றால் கண்டனம் இல்லை

போன வாரம் எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றின் ஆங்கில அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. தூய்மைப் பணியாளர் ஒருவரை அடித்ததை எதிர்த்து எழுதியது. உள்ளே "வீ ஸ்ட்ராங்லி கண்டோன் திஸ் அட்டாக்" என்று இருந்தது. கண்டிக்கிறோம் என்று சொல்ல வந்தவர்கள், அடித்ததைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டுச் சொன்னதும் மாற்றிவிட்டார்கள். ஆனால் அடிபட்டவர் வீட்டுப் பிள்ளை அந்த முதல் அறிக்கையைப் படித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்க் காதுக்குக் கண்டோன் (condone) என்பது கண்டனம் போலத்தான் கேட்கும். கண்டிப்பதற்கு உரிய சொல் கண்டெம் (condemn). இரங்கலுக்குக் கண்டோல் (condole). அதையும் "மரணத்தைக் கண்டோல் செய்தார்" என்று எழுதுகிறார்கள். இறந்தவரின் குடும்பத்தாரோடு கண்டோல் செய்வதுதான் முறை. அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கண்டோனைப் பற்றி. நீதிமன்றத்துப் பக்கம் மொழிபெயர்ப்பு வேலை செய்கிற எனக்கு அது தினமும் கையில் வந்து விழுகிற சொல்.

லத்தீனில் 'கொண்டோனாரே' என்றால் விட்டுக்கொடுப்பது. கடனை விடுவது, தண்டனையை விடுவது. டோனேஷன் என்கிறோமே, அதே வேர்தான். ஆங்கிலத்தில் இது 19ஆம் நூற்றாண்டில் மணவிலக்குச் சட்டத்தின் வழியாகப் பரவியது. 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இதற்குத் தனியாக ஒரு வரியே உண்டு. தம்பதியர் மறுபடி சேர்ந்து வாழ்ந்தால், அல்லது தொடர்ந்து சேர்ந்தே வாழ்ந்தால் ஒழிய, பிறன்மனை உறவு கண்டோன் செய்யப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது அது. வாயால் மன்னித்தேன் என்றால் போதாது. 1975இல் உச்ச நீதிமன்றமும் மன்னிப்பு, பழைய நிலைக்குத் திரும்புதல் இரண்டும் சேர்ந்ததுதான் இது என்றது.

சட்டத்தில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் வரும்: கனைவ் (connive). கண்ணை மூடிக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். நம் 'கண்டும் காணாமல் இருப்பது' அதுதான். தப்பு நடக்க வழிவிட்டு ஒதுங்கினால் கனைவ். நடந்து முடிந்த பிறகு, நடந்தது தெரிந்தே பொறுத்துப்போனால் கண்டோன். இன்றைய ஆங்கிலத்தில் இது கொஞ்சம் தளர்ந்து 'சரி என்று ஏற்பது' வரை வந்துவிட்டது. அதனால்தான் "வன்முறையைக் கண்டோன் செய்ய மாட்டோம்" என்று எதிர்மறையிலேயே அதிகம் வருகிறது. இன்னொன்று: செயலைத்தான் கண்டோன் செய்யலாம், ஆளை அல்ல. 'ஐ கண்டோன் ஹிம்' என்று எழுதக் கூடாது.

நம் அலுவலகங்களில் 'கைண்ட்லி கண்டோன் த டிலே' என்பது கடிதத்தின் கடைசியில் போடுகிற முத்திரை மாதிரி ஆகிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களை 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின் கீழ்தான் போடுகிறோம். அந்தப் பிரிவில் கண்டோன் என்ற சொல்லே கிடையாது. 'போதுமான காரணம்' என்றுதான் இருக்கிறது. 1998இல் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எத்தனை நாள் என்பதைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்று பார்த்தது. 2012இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை ஏற்கவில்லை. கோப்பு மேசை மேசையாகப் போனது என்பது அங்கே காரணமாக எடுபடவில்லை. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் காரணத்தைத்தான் கேட்பேன். காரணம் இல்லாமல் கண்டோன் கேட்பது, நடந்தது என்ன என்றே சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது கல்லூரி விஷயத்தில். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் 'கண்டோனேஷன் ஃபீஸ்' என்று பல இடங்களில் வாங்குகிறார்கள். பிள்ளைகளும் "கண்டோனேஷன் கட்டிட்டேன்" என்கிறார்கள். விட்டுக்கொடுப்பதற்கு விலை எப்படி வைப்பது? பணம் வாங்கினால் அது அபராதம். அப்படியே பெயர் வைக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பொறுத்தருளியதாகச் சொல்லும்போது, அந்தச் சொல்லில் இருந்த பெருந்தன்மை போய்விடுகிறது. பிள்ளையும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்கிறது.

அக்கா மகள் டெங்கு வந்து படுத்ததில் அவளுடைய வருகை 71 சதவீதமாகிவிட்டது. அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து "மாமா, இதுல காரணம் எங்க எழுதுறது?" என்று கேட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொகைக்கு ஒரு கட்டம், செலான் எண்ணுக்கு ஒரு கட்டம். காரணத்துக்கு இடமே இல்லை. பின்பக்கத்தில் காய்ச்சல் வந்த தேதிகளை அவளையே எழுதச் சொன்னேன். மருத்துவர் சான்றையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தனுப்பினேன்.